ரிஸ்ட் ஸ்ட்ராப் மானிட்டரின் பச்சை விளக்கை எவ்வளவு நம்பலாம்?

போர்டு_மேசை

வணக்கம். நான்கு பேர் உட்காரும் போர்டு ரிப்பேர் மேசை ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் எல்லோரும் ரிஸ்ட் ஸ்ட்ராப்பை (உடலில் சேரும் ஸ்டேட்டிக் மின்னூட்டம் போர்டைக் கெடுக்காதபடி எர்த்துக்கு வடிக்கும் மணிக்கட்டுப் பட்டை) டெஸ்டரில் சோதித்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலை தொடங்கும். போன வாரம் ஒருவருடைய ஸ்ட்ராப் ஒருநாள் தேறியது, மறுநாள் காலை தேறவில்லை. ஸ்னாப்புக்கு (அழுத்திப் பொருத்தும் பொத்தான்) பக்கத்தில், ரப்பர் உறை முடிகிற இடத்தில் கம்பி உள்ளேயே அறுந்திருக்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. முந்தைய நாள் காலை பத்து மணிக்கு அறுந்ததா, மாலை ஐந்து மணிக்கா என்று சொல்ல வழியே இல்லை. அன்று அவர் கை பட்ட போர்டு எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டியதாயிற்று.

அதனால் வேலை நேரம் முழுக்கக் கண்காணிக்கும் மானிட்டர் வைக்கலாம் என்று ஒற்றைக் கம்பி வகை ஒன்றை வாங்கிப் பார்த்தேன். இரண்டு விஷயம் உறுத்துகிறது. ஒருவர் நாற்காலியின் கால்வளையத்தில் இரண்டு காலையும் தூக்கி வைத்தால் அலாரம் அடிக்கிறது. இன்னொரு பக்கம், ஸ்ட்ராப்பைக் கழற்றி மேட் (போர்டை வைக்கும், எர்த்தோடு இணைத்த விரிப்பு) மேல் போட்டால் பச்சை விளக்கு எரிகிறது! சாதனம் பழுதா, நான் இணைத்த விதம் தவறா? இரட்டைக் கம்பிக்கு மாறினால் சரியாகுமா? சொந்தமாகச் செய்ய முடியுமா?

அலைவடிவம்

சாதனத்தில் பழுது இல்லை. நீங்கள் பார்த்த இரண்டுமே அந்த முறையின் இயல்பு.

ஒற்றைக் கம்பி மானிட்டர் கம்பி வழியாக ஒரு சிறிய ஏசி சிக்னலை அனுப்புகிறது. மறுமுனையில் மனிதர் இருந்தால், அவர் உடல் தரையைப் பார்த்து ஒரு கெப்பாசிட்டர் போல நிற்கும். சுமார் 100 முதல் 200 பிகோஃபாரட் வரை. கம்பி அறுந்தால் கம்பியின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் மட்டும் மிஞ்சும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் அது "ஆள் இருக்கிறார்" என்று முடிவு செய்கிறது. பாதத்துக்கும் தரைக்கும் இடையிலுள்ள கெப்பாசிட்டன்ஸ் அந்தக் கணக்கில் பெரிய பங்கு. காலைத் தூக்கினால் அது குறைகிறது, அலாரம் அடிக்கிறது. எர்த் செய்த மேட் மேல் பட்டையைப் போட்டால், மானிட்டரின் கண்ணுக்கு மேட்டும் ஒரு ஆள்தான்.

இதைவிடக் கவலைப்பட வேண்டியது ஒன்று உண்டு. பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் வறண்ட தோலோ அழுக்குப் படலமோ இருந்தால், ஏசி சிக்னல் அந்தப் படலத்தைக் கெப்பாசிட்டர் வழியாகத் தாண்டிப் போய்விடும். உடலில் சேரும் மின்னூட்டம் அப்படித் தாண்டாது. அது வடிய டிசி பாதை வேண்டும். அதாவது தோலோடு தொடர்பு கெட்டிருக்கும்போதும் பச்சை எரிய வாய்ப்பு உண்டு. சிக்னலின் கட்ட (ஃபேஸ்) மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்கும் வகைகள் இதில் கொஞ்சம் தேவலை. கெப்பாசிட்டன்ஸ் அளவை மட்டும் பார்க்கிறவற்றில், ஆளுக்கு ஆள் ட்ரிம்மரை (அலார எல்லையை மாற்றும் சிறு திருகு) திருகிக்கொண்டே இருக்க நேரும். மெலிந்த ஒருவருக்காகத் திருகி வைத்தால், பருமனானவர் உட்காரும்போது மோசமான தொடர்பும் தேறிவிடும்.

மெகாஓம்

இரட்டைக் கம்பி முறையில் பட்டை இரண்டு பாதியாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு பாதிக்கும் தனிக் கம்பி, ஒவ்வொரு கம்பியிலும் 1 மெகாஓம் ரெசிஸ்டர். மின்னோட்டம் ஒரு கம்பியில் போய், ஒரு பாதியிலிருந்து தோல் வழியாக மறுபாதிக்கு வந்து, இன்னொரு கம்பியில் திரும்புகிறது. மானிட்டர் அளப்பது அந்தச் சுற்றின் மொத்த மின்தடையை. 2 மெகாஓமும் அதோடு தோலும். கால் தரையில் இருக்கிறதா, ஆள் பருமனா என்பதெல்லாம் கணக்கிலேயே வராது. பட்டை தோலில் சரியாகப் படவில்லை என்றால் எண் ஏறும், அலாரம் அடிக்கும். ஒரு கம்பி அறுந்தாலும் இன்னொன்று வழியாக ஆள் எர்த்தில் இருப்பார் என்பது கூடுதல் நன்மை. அலாரம் அடிக்கும் அந்த நேரத்திலும் போர்டுக்குப் பாதுகாப்பு போய்விடவில்லை.

எல்லை எவ்வளவு வைப்பது என்று அடுத்து கேட்பீர்கள். ஸ்டேட்டிக் பாதுகாப்புத் தரநிலைகளான ஏ.என்.எஸ்.ஐ./இ.எஸ்.டி. எஸ்20.20, ஐ.இ.சி. 61340-5-1 இரண்டும் ஆளோடு சேர்த்த ரிஸ்ட் ஸ்ட்ராப் அமைப்புக்கு 35 மெகாஓமை மேல் எல்லையாகச் சொல்கின்றன. உடல் 100 பிகோஃபாரட் என்றால் 35 மெகாஓமில் நேர மாறிலி, அதாவது மின்னூட்டம் வடிய ஆகும் நேரத்தின் அளவுகோல், 3.5 மில்லிவினாடி. எழுந்து உட்கார்வதோ கையை நீட்டுவதோ அதைவிடப் பல மடங்கு மெதுவான அசைவுகள். எனவே மின்னூட்டம் சேரச் சேர வடிந்துவிடும். அதுவே 1000 மெகாஓம் என்றால் 0.1 வினாடி ஆகிறது. கை நீட்டி ஐசியைத் தொடுகிற வேகத்துக்கு அது பக்கத்தில் வந்துவிட்டது.

இரட்டைக் கம்பி மானிட்டர்களில் பலவற்றில் 10 மெகாஓம் எல்லையும் இருக்கும். நான் அதைத்தான் வைப்பேன். நல்ல தொடர்புள்ள பட்டை 3, 4 மெகாஓமுக்குள் நிற்கும். அது 10-ஐத் தாண்டுகிறது என்றால் பட்டை தளர்ந்துவிட்டது அல்லது அழுக்கேறிவிட்டது, 35 வரை காத்திருக்கத் தேவையில்லை.

பழைய_அயர்ன்

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான்கு பேர் மேசைக்கு இவ்வளவு தேவையா? தரநிலைகளே மானிட்டர் இல்லாத இடத்தில் தினசரிச் சோதனை போதும் என்கின்றன. போர்டு_மேசை சொன்ன சிக்கலுக்கு எளிய வழி இருக்கிறது. காலையில் ஒரு சோதனை, சாப்பாட்டுக்குப் போகும்போது ஒன்று, வேலை முடிந்து போகும்போது ஒன்று. அன்றைய போர்டுகள் மாலைச் சோதனை தேறும்வரை அலமாரியில் இருக்கட்டும். ஸ்ட்ராப் தேறினால் வெளியே போகட்டும். எந்த எலக்ட்ரானிக்ஸும் இல்லாமல் சந்தேக நேரம் அரை நாளாகச் சுருங்கிவிடும்.

இன்னொரு பயம்: விளக்கு பச்சையாக இருந்தால் மனிதர்கள் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். மேட்டைத் துடைப்பதில்லை, மேசையில் கிடக்கும் தெர்மோகோலை அப்புறப்படுத்துவதில்லை.

அலைவடிவம்

அண்ணா, மாலைச் சோதனை யோசனை நல்லது. மானிட்டர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அதைச் செய்யலாம். ஆனால் அது பிடிக்காத ஒரு பழுது இருக்கிறது. கம்பி முழுதாக அறுவதற்கு முன் விட்டுவிட்டுத் தொடும். கையை ஒரு கோணத்தில் வைத்தால் தொடர்பு இருக்கும், போர்டின் அந்தப் பக்கத்து மூலையை எட்டும்போது போய்விடும். டெஸ்டர் முன் நிற்கும்போது எல்லோரும் கையை ஒரே மாதிரி நீட்டுகிறார்கள், தேறிவிடுகிறது. மூன்று வேளை சோதித்தாலும் மூன்று வேளையும் தேறும். கம்பி அறுவது எப்போதும் மடங்குகிற இடத்தில்தான், போர்டு_மேசை பார்த்ததும் அதே இடம்.

அந்த நேரத்தில் ஆளுக்கு எதுவும் தெரியவும் செய்யாது. சுமார் 3000 வோல்ட்டுக்குக் கீழே வெளியேறும் ஸ்டேட்டிக்கை விரல் உணராது. ஐசிக்குள் இருக்கும் மெல்லிய காப்புப் படலமான கேட் ஆக்ஸைடோ ஒரு நானோமீட்டருக்கு ஏறக்குறைய 1 வோல்ட் அளவில் உடைகிறது. 10 நானோமீட்டர் என்றால் 10 வோல்ட். கை உணர்கிற அளவுக்கும் ஐசி சாகிற அளவுக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளிக்காகத்தான் விடாமல் பார்க்கும் சாதனம் வேண்டும் என்கிறேன்.

எர்த்_பிட்

இதுவரை எல்லோரும் கைப்பக்கத்தையே பேசிவிட்டீர்கள். கம்பியின் மறுமுனை எங்கே போகிறது? போர்டு_மேசை, மானிட்டரின் கிரவுண்டை எதில் இணைத்தீர்கள்?

போர்டு_மேசை

கட்டடத்துக்கு வெளியே மேசைக்கென்று தனியாக மண்ணில் ஒரு எர்த் கம்பி அடித்திருக்கிறோம். மேட், மானிட்டர் எல்லாம் அதற்குத்தான் போகின்றன. சாலிடரிங் ஸ்டேஷன், ஆஸிலோஸ்கோப் இரண்டும் சாக்கெட்டின் மூன்றாவது பின் வழியாக எர்த் ஆகின்றன.

எர்த்_பிட்

நினைத்தேன். இதுதான் முதலில் சரிசெய்ய வேண்டியது.

இப்போது உங்கள் மேசையில் இரண்டு எர்த் இருக்கின்றன. ஆளும் மேட்டும் ஒன்றில், சாலிடரிங் அயர்னின் முனை இன்னொன்றில். இரண்டுக்கும் நடுவில் மின்னழுத்த வித்தியாசம் வந்தால், அது இரண்டும் சந்திக்கிற இடத்தில், அதாவது போர்டில் வெளிப்படும். ஸ்டேட்டிக் பாதுகாப்பில் மண்ணோடு எவ்வளவு ஆழமான தொடர்பு என்பதைவிட, மேசையில் உள்ள எல்லாமே ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம்.

சாக்கெட்டின் மூன்றாவது பின், அதாவது பவர் லைனின் எர்த் கம்பிதான் முதல் தேர்வு. மேசையின் பொது எர்த் புள்ளியிலிருந்து அந்தக் கம்பிக்கு 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். தனிக் கம்பியையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், அதைப் பவர் எர்த்தோடு பிணைத்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே 25 ஓமுக்கு மேல் போகக் கூடாது. சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா, லைனும் நியூட்ரலும் மாறியிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். நியூட்ரலை எர்த்தாக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

ஒவ்வொரு மேசையும் தனித்தனிக் கம்பியில் பொதுப் புள்ளிக்குப் போகட்டும். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று தொடராக இழுத்தால், நடுவில் ஒரு ஸ்னாப் கழன்றதும் பின்னால் இருப்பவை எல்லாம் மிதக்கும்.

இதில் மானிட்டர் எங்கே வருகிறது என்றால்: பல இரட்டைக் கம்பி மானிட்டர்கள் கையின் சுற்றை மட்டுமே அளக்கின்றன. மானிட்டரிலிருந்து எர்த்துக்குப் போகும் பச்சைக் கம்பியைக் கழற்றிவிட்டாலும் விளக்கு பச்சையாகவே எரியும். ஆள், மேட், மானிட்டர் மூன்றும் சேர்ந்து மிதந்துகொண்டிருக்கும்! எர்த் தொடர்பையும் தனியாகச் சோதிக்கும் மாடல்கள் இருக்கின்றன. வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கியதில் அந்தக் கம்பியை ஒருமுறை கழற்றிப் பாருங்கள், விடை தெரிந்துவிடும்.

பாதுகாப்பு பற்றி ஒன்று. அந்த 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருப்பது ஆளுக்காக. 250 வோல்ட் பட்டாலும் 0.25 மில்லி ஆம்பியர்தான் போகும். யாராவது "எர்த் இன்னும் நன்றாகக் கிடைக்கட்டும்" என்று அதைத் தாண்டிக் கம்பி போட்டால் உயிருக்கே ஆபத்து. பவர் சப்ளையை மின் இணைப்பில் வைத்தபடியே ரிப்பேர் செய்யும்போது ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட வேண்டும்.

தரமேசை

எர்த்_பிட் சொன்னதோடு மேட்டையும் சேர்த்துக்கொள்கிறேன். என் வேலை ஆடிட். அடிக்கடி காண்கிற குழப்பம் இது.

சில மானிட்டர்கள் மேட்டையும் கண்காணிக்கும். மேட்டில் இரண்டு ஸ்னாப் வேண்டும். ஒன்று எர்த்துக்கு, இன்னொன்று மானிட்டருக்கு. மானிட்டர் ஒரு ஸ்னாப்பிலிருந்து மேட் வழியாக இன்னொரு ஸ்னாப்புக்கு அளக்கிறது. எர்த் ஸ்னாப் கழன்றால் உடனே காட்டிவிடும், அந்த அளவில் மிகவும் பயனுள்ளது.

ஆனால் நிறைய மேட்கள் இரண்டு அடுக்கு. மேலே மெதுவாகக் கடத்தும் அடுக்கு, கீழே நன்றாகக் கடத்தும் அடுக்கு. ஸ்னாப் இரண்டையும் துளைத்துப் பிடித்திருக்கும். மானிட்டரின் மின்னோட்டம் கீழ் அடுக்கு வழியாகவே போய் வந்துவிடும். மேல்பரப்பில் சிலிகான் கலந்த க்ளீனரின் படலமோ காய்ந்த ஃப்ளக்ஸோ மூடியிருந்தால் அது மானிட்டருக்குத் தெரியவே தெரியாது. போர்டு வைக்கப்படுவதோ அந்தப் படலத்தின் மேல்தான்.

அதனால் மானிட்டர் இருந்தாலும் மேற்பரப்பைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் தனியாக அளக்க வேண்டும். 2.27 கிலோ எடையுள்ள எலக்ட்ரோடு, 100 வோல்ட் சோதனை. பரப்பிலிருந்து எர்த்துக்கு 1000 மெகாஓமுக்குள் வர வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் முனையை அழுத்தி எடுத்த அளவை நான் ஏற்றுக்கொள்வதில்லை. முனையின் பரப்பு மிகச் சிறியது, மீட்டரின் வோல்ட்டேஜும் போதாது. கூடவே சாலிடரிங் அயர்னின் முனையையும் எர்த்துக்கு அளந்துவிடுங்கள். பயன்பாட்டில் இருக்கும் அயர்னுக்கு 10 ஓம் எல்லை. முனையும் ஹீட்டர் குழலும் சேரும் இடத்தில் ஆக்ஸைடு படிந்தால் ஏறிவிடும், அதை எந்த மானிட்டரும் பார்ப்பதில்லை.

பழைய_அயர்ன் சார் தெர்மோகோலைப் பற்றிச் சொன்னது சரிதான். செல்லோடேப், பிளாஸ்டிக் உறை, தெர்மோகோல் எதுவுமே எர்த் கம்பி கட்டினாலும் மின்னூட்டத்தை இழக்காது. அவற்றை மேசையிலிருந்து விலக்க வேண்டும், முடியாவிட்டால் அயனைசர் (காற்றில் அயனிகளை விட்டு மின்னூட்டத்தைச் சமன்செய்யும் சாதனம்) வைக்க வேண்டும். பக்கத்தில் கிடக்கும் தெர்மோகோலின் மின்புலத்தில் போர்டு இருக்கும்போது, எர்த் செய்த கையால் தொடுவதே வெளியேற்றத்தைத் தூண்டிவிடும். அந்தத் தருணத்தில் ஸ்ட்ராப் மானிட்டர் பச்சையாகத்தான் எரியும், அது பொய்யும் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி வேறு.

பிகோஃபாரட்

சொந்தமாகச் செய்வது பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் செய்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் விவரம்.

இரட்டைக் கம்பி ஸ்ட்ராப்பை வெளியே வாங்கிக்கொள்ளுங்கள், அதைச் செய்ய முயல வேண்டாம். அதன் ஒரு கம்பியை எர்த்தில் இணைத்து, இன்னொரு கம்பிக்கு மைக்ரோகன்ட்ரோலரின் பின்னிலிருந்து 10 மெகாஓம் வழியாக 3.3 வோல்ட் கொடுக்கிறேன். நடுப்புள்ளியின் வோல்ட்டேஜைக் குறைந்த கசிவுள்ள ஆப்-ஆம்ப் வழியாக ஏடிசி (வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) படிக்கிறது. சுற்று 2 மெகாஓம் என்றால் 0.55 வோல்ட். 10 மெகாஓம் என்றால் 1.65 வோல்ட். கம்பி அறுந்தால் 3.3. கணக்கு எளிது.

நுணுக்கம் மூன்று இடத்தில் இருக்கிறது. முதலாவது மெயின்ஸ் இரைச்சல். மனித உடல் நல்ல ஆன்டெனா. ஒரு அளவை மட்டும் எடுத்தால் எண் தாறுமாறாக ஆடும். 100 மில்லிவினாடி முழுக்கச் சராசரி எடுங்கள். அதில் 50 ஹெர்ட்ஸில் 5 முழுச் சுற்றும், 60 ஹெர்ட்ஸில் 6 முழுச் சுற்றும் அடங்கும். எந்த மின்சாரத்திலும் இரைச்சல் தானாக அடிபட்டுப் போகும்.

இரண்டாவது கீழ் எல்லை. 1.5 மெகாஓமுக்குக் கீழே வந்தாலும் அலாரம் வேண்டும். அப்படி வந்தால் ஏதோ ஒரு பாதுகாப்பு ரெசிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டது என்று பொருள். எர்த்_பிட் சொன்ன உயிர் ஆபத்து இதுதான்.

மூன்றாவதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. சோதனை வோல்ட்டேஜின் ஒரு பகுதி ஆளின் உடலில் நிற்கும். எர்த் பக்கத்துக் கம்பி அறுந்தால் முழு 3.3 வோல்ட்டும் நிற்கும். 3.3 என்பதால் கவலை இல்லை. ஆனால் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்று 12 அல்லது 24 வோல்ட் கொடுக்கிற சர்க்யூட்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டேட்டிக்கைத் தடுக்க வைத்த சாதனமே ஆளை 24 வோல்ட்டுக்கு உயர்த்துகிறது. தொடர்ந்து டிசி ஓடினால் சிலருக்குப் பட்டைக்கு அடியில் தோல் அரிப்பு வருவதும் உண்டு. அதனால் அளக்கும் 100 மில்லிவினாடி மட்டும் வோல்ட்டேஜ் கொடுத்து, மீதி நேரம் பின்னை எர்த்துக்கு இழுத்துவிடுகிறேன். வினாடிக்கு இரண்டு முறை அளந்தால் போதும்.

பழைய_அயர்ன்

தம்பி, நல்ல விளக்கம். ஒரு கேள்வி. வினாடிக்கு இரண்டு முறை என்றால், அலைவடிவம் சொன்ன விட்டுவிட்டுத் தொடும் பழுது நடுவில் நழுவிப் போகாதா?

பிகோஃபாரட்

நழுவலாம் அண்ணா. கையை ஒரு இடத்துக்கு நீட்டி வேலை செய்யும் நேரம் பொதுவாக அரை வினாடியைவிட நீளம், அதனால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். இன்னும் குறைந்த நேரத் துண்டிப்பைப் பிடிக்க வேண்டும் என்றால் வோல்ட்டேஜைத் தொடர்ந்து வைத்து விடாமல் அளக்க வேண்டும். 3.3 வோல்ட்டில் அதையும் செய்யலாம், அரிப்பு உள்ளவருக்கு மட்டும் பழைய முறை. உங்கள் கேள்விக்குப் பிறகு நிரலில் இரண்டையும் தேர்வாக வைக்கப் போகிறேன்.

போர்டு_மேசை

எல்லோருக்கும் நன்றி. எர்த் கம்பியைக் கழற்றிப் பார்த்தேன். எர்த்_பிட் சொன்னபடியே பச்சை விளக்கு அசையவில்லை. எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறேன், இரண்டு எர்த்தையும் பிணைத்துவிடுகிறோம்.

இரட்டைக் கம்பிக்கு மாறுவது முடிவு. இன்னும் இரண்டு சந்தேகம். புது மானிட்டர் வந்ததும் அதையே எப்படிச் சோதிப்பது? ஒருவருக்குத் தோல் மிக வறண்டது, காலை டெஸ்டரிலேயே மூன்று முறை முயன்றால்தான் தேறுகிறார். அவருக்கு அலாரம் அடித்துக்கொண்டே இருக்குமோ?

தரமேசை

வறண்ட தோலுக்கு: இ.எஸ்.டி. (ஸ்டேட்டிக் மின்வெளியேற்றம்) வேலைக்கென்றே விற்கும் ஈரப்பதக் களிம்பு இருக்கிறது, சிலிகான் இல்லாதது. பட்டைக்கு அடியில் கொஞ்சம் தடவினால் போதும். துணிப் பட்டையை இறுக்கமாகக் கட்டச் சொல்லுங்கள், ஒரு விரல் நுழைகிற தளர்வு இருக்கவே கூடாது. அப்படியும் தேறாவிட்டால் உலோக வளையப் பட்டையைக் கொடுத்துப் பாருங்கள். பட்டை மணிக்கட்டின் எலும்பு மேட்டில் ஏறாமல் சற்று மேலே, சதையில் இருந்தால் எண் இறங்கும். சட்டைக் கைக்கு மேல் கட்டுபவர்களும் இருக்கிறார்கள், அதையும் பார்த்துவிடுங்கள்.

சாதனத்தைச் சோதிக்க, ஆளுக்குப் பதில் ரெசிஸ்டரை வையுங்கள். 10 மெகாஓம் எல்லை என்றால் பட்டையின் இரண்டு பாதிக்கும் நடுவில் 6.8 மெகாஓம் வைத்தால் மொத்தம் 8.8, தேற வேண்டும். 10 மெகாஓம் வைத்தால் மொத்தம் 12, அலாரம் அடிக்க வேண்டும். ஒரு கம்பியிலுள்ள 1 மெகாஓம் ரெசிஸ்டரைத் தாண்டி ஒரு துண்டுக் கம்பி வைத்து இரண்டு பாதியையும் ஒட்டினால் கீழ் எல்லை அலாரம் வர வேண்டும். பிறகு மேட் ஸ்னாப், எர்த் கம்பி ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றினால் அலாரம் வந்தது, எதற்கு வரவில்லை என்று எழுதி மேசையிலேயே ஒட்டிவிடுங்கள். வராதவை எல்லாம் உங்கள் கைச் சோதனைப் பட்டியலுக்குப் போகும்.

எர்த்_பிட்

அந்தக் காகிதத்தில் இதையும் எழுதி ஒட்டுங்கள்: அலாரம் அடித்தால் முதலில் போர்டை மேட் மேல் வைக்க வேண்டும், அதன் பிறகுதான் ஸ்ட்ராப்பைத் தொட வேண்டும். பெரும்பாலானவர்கள் ஒரு கையில் போர்டைப் பிடித்தபடியே இன்னொரு கையால் பட்டையை இழுத்துச் சரிசெய்கிறார்கள். எர்த் இல்லாத அந்த நேரத்தில் துணியோடு உரசிக்கொண்டு போர்டைப் பிடித்திருப்பதைவிட மோசமான நிலை இல்லை.

போர்டு_மேசை

எழுதிவிடுகிறேன். கடைசியாக ஒன்று: அலாரம் அடித்து, உடனே தானாகவே நின்றுவிட்டால் என்ன செய்வது? பட்டையைக் கொஞ்சம் நகர்த்தினால் நின்றுவிடுகிறது, ஆட்கள் வேலையைத் தொடர்ந்துவிடுகிறார்கள்.

அலைவடிவம்

தானாக நிற்காதபடி வையுங்கள். பிகோஃபாரட்டின் நிரலிலோ, வாங்கும் மானிட்டரிலோ லாட்ச் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். பொத்தானை அழுத்தினால்தான் சிவப்பு அணையும், நேரமும் பதிவாகும். பட்டை நகர்ந்ததால் வந்த அலாரம் என்றால் அன்றோடு போகும். ஒரே ஸ்ட்ராப்பில் அடுத்தடுத்து இரண்டு மூன்று பதிவு வந்தால் கம்பி விட்டுவிட்டுத் தொடுகிறது. ஸ்னாப்புக்குப் பக்கத்தில் மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு, தேறினாலும் மாற்றிவிடுங்கள்.